‘பள்ளி’ என்ற சொல்: துறவியின் கல்படுக்கையிலிருந்து வகுப்பறை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் ‘பள்ளி வாகனம்’ என்று எழுதிய மஞ்சள் வேன் தெருவில் போகும்போது யாருக்கும் துறவிகள் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அந்தச் சொல் பல நூற்றாண்டுகள் துறவிகளுடைய சொல்லாக இருந்தது. பள்ளிவாசல், பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி, திருச்சிராப்பள்ளி, அரசு மேல்நிலைப்பள்ளி எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பள்ளியா என்று பலரும் கேட்கிறார்கள். ஒரே பள்ளிதான். எப்படி என்பதைக் கேள்வி பதிலாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

‘பள்ளி’ என்றால் முதலில் என்ன பொருள்?

தங்கும் இடம், படுக்கும் இடம், சின்ன ஊர். இவற்றில் எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றுமே பழையவை. தெலுங்கில் ‘பல்லெ’ என்றால் கிராமம். கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் ப, ஹ ஆகிவிடும். நம்முடைய பால் அங்கே ஹாலு, பள்ளி அங்கே ஹள்ளி. பெங்களூரில் மாரத்தஹள்ளி போக்குவரத்து நெரிசலில் நிற்கிறவர்களும் ஒரு பள்ளியில்தான் நிற்கிறார்கள்.

படுக்கை என்ற பொருளுக்குத் திருக்குறளே போதும். சான்றோர் கூடியிருக்கும் அவையில் பேதை நுழைவது, கழுவாத காலைப் பள்ளியில் வைப்பது போன்றது என்கிறது 840ஆம் குறள். அங்கே பள்ளி என்பது படுக்கை. சேற்றுக் காலோடு மெத்தையில் ஏறும் பிள்ளையை அதட்டாத வீடு உண்டா? திருவள்ளுவருக்கும் அது பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஆக, சொல் பிறக்கும்போது அதில் சமயம் எதுவும் இல்லை. சமயம் நடுவில் வந்து சேர்ந்தது, அப்புறம் பெரும்பாலும் உதிர்ந்துபோனது.

துறவிகள் இருக்கும் இடத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு சமணர் குன்றில் ஏறிப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். இயற்கையாக அமைந்த குகைத்தளம். தரைப்பாறையை மழமழவென்று தேய்த்து, ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் படுக்கைகள் வெட்டியிருப்பார்கள். தலைமாட்டில் பாறையையே கொஞ்சம் மேடாக விட்டிருப்பார்கள். அதுதான் தலையணை. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டு இருக்கும். மழைத் தண்ணீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல் அந்தக் காடியோடு சொட்டி வெளியே விழுந்துவிடும். பல இடங்களில் அந்தக் காடிக்குக் கீழே ஒரு வரி எழுத்தும் இருக்கும், யார் யாருக்காக இதை வெட்டிக் கொடுத்தார்கள் என்று.

ஊர்க்காரர்கள் இவற்றைப் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்பார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் வந்து படுத்தார்களாம். ஐந்துக்கு மேல் படுக்கை இருந்தாலும் கதை மாறுவதில்லை.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் மாங்குளம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மலையின் தமிழி (தமிழ் பிராமி என்றும் சொல்லும் பழைய வரிவடிவம்) எழுத்துகளை ராபர்ட் சிவெல் 1882ல் கண்டார். அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்காகப் ‘பளி’ கொட்டுவித்தான் என்கிறது ஒரு கல்வெட்டு. அந்தக் கால எழுத்தில் ஒற்றைப் பெரும்பாலும் இரட்டிக்க மாட்டார்கள், ஆகவே பளி என்றால் பள்ளி. கொட்டுவித்தல் என்றால் உளி கொண்டு வெட்டச் செய்தல். நமக்குக் கிடைத்த மிகப் பழைய தமிழ் எழுத்துகளிலேயே இந்தச் சொல் இருக்கிறது, அதுவும் துறவியோடு சேர்ந்து.

துறவிக்கு வீடு கிடையாது. மழைக்காலத்தில் ஊர் ஊராகப் போகவும் முடியாது, அப்போது ஒரே இடத்தில் தங்குவது அவர்கள் வழக்கம். தங்குவதற்கு அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு படுக்கை. படுக்கையின் பெயரே இடத்தின் பெயராயிற்று என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் பள்ளி சமணர்களுடைய சொல்லா?

அவர்களுக்கு மட்டும் உரியது இல்லை. இணையத்தில் அப்படிச் சொல்லிச் சொல்லியே நிலைத்துவிட்டது. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி மதுரை நகரைச் சுற்றிக் காட்டும்போது பௌத்தர்களின் இடத்தைக் ‘கடவுட் பள்ளி’ என்கிறது. அடுத்து வேதம் ஓதுபவர்களின் இடத்தையும் ‘அந்தணர் பள்ளி’ என்றே சொல்கிறது. சமணர் இடத்துக்கு வரும்போது அது பயன்படுத்தும் சொல் ‘சேக்கை’. வேடிக்கை என்னவென்றால் சேக்கைக்கும் படுக்கை என்ற பொருள் உண்டு.

சிலப்பதிகாரத்தில் ‘அறவோர் பள்ளி’ வருகிறது. அறவோர் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடுகிறார் இளங்கோ.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் சமண, பௌத்த இடங்களுக்கே இந்தச் சொல் அதிகம் ஒட்டிக்கொண்டது உண்மை. சிவனும் திருமாலும் இருந்த இடங்கள் கோயில், தளி என்று பெயர் பெற, துறவிகளின் இடம் பள்ளி என்று நின்றது.

‘பள்ளிச்சந்தம்’ என்று கல்வெட்டுகளில் வருகிறதே, அது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த நிலமா?

இல்லை. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு இறையிலியாக, அதாவது வரி நீக்கிக் கொடுத்த நிலம். பிராமணர்களுக்குக் கொடுத்தது பிரமதேயம், கோயிலுக்குக் கொடுத்தது தேவதானம், பள்ளிக்குக் கொடுத்தது பள்ளிச்சந்தம்.

பெரிய எடுத்துக்காட்டு நாகப்பட்டினம். கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் அங்கே எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை இந்தக் கொடையைத்தான் சொல்கின்றன. அதன் தமிழ்ப் பகுதி ‘விஹாரத்துப் பள்ளி’ என்றே எழுதுகிறது. விகாரம் என்ற வெளிச்சொல்லைப் போட்ட பிறகும் பக்கத்திலேயே நம்மூர்ச் சொல்லையும் போட்டால்தான் ஓலை எழுதியவருக்கு நிம்மதி. இன்று ‘ஸ்கூல் பள்ளி’ என்று யாரும் எழுதுவதில்லை, ஆனால் ‘நடுசென்டர்’ என்கிறோம். பழக்கம் பழையதுதான்.

துறவி தங்கும் இடம் எப்போது படிக்கும் இடமானது?

ஒரு நாள் குறித்துச் சொல்ல முடியாது. தடயங்களை வரிசையாகப் பார்க்கலாம்.

கி.பி. 458ல் ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல் பாடலிகாவில் எழுதப்பட்டது. எழுதியவர் சர்வநந்தி. பாடலிகா என்பது இன்றைய கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர். உலகத்தின் அமைப்பைப் பேசும் நூலை எழுத வேண்டுமானால் சுவடி வேண்டும், கணக்கு வேண்டும், கேட்டுத் திருத்த ஆள் வேண்டும். படுத்து எழுந்து போகும் இடமாக மட்டும் அந்தப் பள்ளி இருந்திருக்க முடியாது. பின்னாளில் திருநாவுக்கரசர் சமணராக இருந்தபோது தருமசேனர் என்ற பெயரோடு வாழ்ந்ததும் இதே ஊர்ப் பள்ளியில்தான் என்கிறது பெரியபுராணம்.

அடுத்தது கழுகுமலை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில். வெட்டுவான் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே பாறையோரம் நடந்தால் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே வட்டெழுத்து என்ற பழைய வரிவடிவத்தில் யார் செய்வித்தது என்று எழுதியிருக்கும். அவற்றில் குரவர், குரத்தியார், மாணாக்கர் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இன்னாருடைய மாணாக்கர் செய்வித்த திருமேனி என்பதுதான் பெரும்பாலும் செய்தி. குரத்தியார் என்றால் பெண் ஆசிரியர். பெண்கள் ஆசிரியர்களாகவும் இருந்தார்கள், அவர்களுக்கும் மாணாக்கர் இருந்தார்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுச் செய்தி இது.

இதைவிடத் தெளிவானது வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊர்க் கல்வெட்டு. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. கனகவீரக் குரத்தியார் என்பவரையும் அவருடைய மாணாக்கியர் 500 பேரையும் பற்றிப் பேசுகிறது. ஒரு பெண் துறவி, கூடவே ஐந்நூறு மாணவிகள். எண்ணைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், படிக்கும் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது என்பது நிச்சயம்.

அதெல்லாம் துறவிகள் கல்வி. சாதாரணப் பிள்ளைகள் படிக்கும் இடத்தைப் ‘பள்ளி’ என்று எங்கே சொல்லியிருக்கிறார்கள்?

நல்ல கேள்வி. எனக்குப் பிடித்த சான்று திவ்வியப் பிரபந்தத்தில் இருக்கிறது. திருமங்கையாழ்வார் திருவல்லிக்கேணியைப் பாடும் பதிகத்தில் பிரகலாதன் வருகிறான். ‘பள்ளியில் ஓதி வந்த தன் சிறுவன்’ என்கிறார். இரணியன் தன் மகனைப் படிக்க அனுப்பினான், பையன் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் திருமாலின் ஆயிரம் நாமம். அப்பாவுக்குக் கோபம்.

இதில் கவனிக்க வேண்டியது, பாடுபவர் ஆழ்வார், பாடப்படுவது திருமால் பெருமை, படிப்பவன் அசுர குலத்துப் பையன். சமணமோ பௌத்தமோ பக்கத்தில்கூட இல்லை. ஆழ்வார் காலத்தை எட்டாம் நூற்றாண்டு என்பார்கள். ஆக, அந்தக் காலத்திலேயே ‘பள்ளி’ பையன்கள் காலையில் போய்விட்டு வீடு திரும்பும் இடமாகிவிட்டது. பொருள் விரிந்து முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? சமயச் சண்டை சூடாக நடந்த காலத்தில், மறுதரப்போடு அதிகம் ஒட்டியிருந்த ஒரு சொல்லை ஓர் ஆழ்வார் கூசாமல் எடுத்துப் பயன்படுத்துகிறார் என்றால், அது அப்போதே எல்லாருடைய சொல்லாகவும் ஆகியிருந்தது என்றுதான் பொருள்.

“தமிழ்நாட்டுக்குக் கல்வியைக் கொடுத்தது சமணர், அதனால்தான் பள்ளி என்ற பெயர்” என்று சொல்வது சரியா?

பாதி சரி. சமணர்கள் தமிழ்க் கல்விக்குச் செய்தது மிகப் பெரியது. நன்னூல் எழுதிய பவணந்தி சமணர். யாப்பருங்கலம் எழுதிய அமிதசாகரர் சமணர். சூடாமணி நிகண்டு எழுதிய மண்டலபுருடர் சமணர். எழுத்து, சொல், யாப்பு, அகராதி என்று தமிழ் மாணவன் மனப்பாடம் செய்த அடிப்படைப் புத்தகங்களை இப்படி அவர்கள்தான் எழுதிக் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை சைவ மடத்தில் படித்தவர்கூட நன்னூலையும் நிகண்டையும் தாண்டாமல் மேலே போகவில்லை.

ஆனால் சொல்லை மட்டும் வைத்துக் கொண்டு ‘கல்வியே அவர்கள் கொடுத்தது’ என்று தாவுவது அதிகம். மதுரைக்காஞ்சியில் அந்தணர் பள்ளியும் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். சங்கப் பாடல்களில் ஆசிரியரும் இருக்கிறார், கற்றலும் இருக்கிறது. ஒரே இடத்தில் பலர் கூடித் தங்கினார்கள், அங்கே சுவடி இருந்தது, ஓய்வு இருந்தது, கற்பிக்கும் கடமையும் இருந்தது. படிப்பு அங்கே வளர்ந்தது. அந்த இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அதற்கு மேல் சொல்லிடம் சாட்சி கேட்கக் கூடாது.

பள்ளி என்றாலே போதுமே, ‘கூடம்’ எதற்கு?

குழப்பம் வராமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். பள்ளி என்றால் படுக்கையா, மடமா, சிற்றூரா, மசூதியா என்று கேட்கும் நிலை வந்தபின், படிக்கும் கட்டிடத்துக்குத் தனி அடையாளம் தேவைப்பட்டது. கூடம் என்றால் பலர் சேர்ந்து இருக்கிற பெரிய அறை.

இன்று எழுத்தில் ‘பள்ளி’, பேச்சில் ‘பள்ளிக்கூடம்’ அல்லது ‘ஸ்கூலு’. வாய்ப்பேச்சில் பள்ளிக்கோடம், பள்ளியோடம் என்றெல்லாம் தேயும். “புள்ள பள்ளிக்குப் போயிருக்கு” என்று வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, முஸ்லிம் வீடுகளைத் தவிர. அங்கே அதற்குப் பொருள் வேறு. அதற்கு வருகிறேன்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சமயத்தின் மிச்சம் ஏதாவது இருந்ததா?

இருந்தது, ஆனால் யாரும் அதை அடையாளம் காணவில்லை. பிள்ளையை முதன்முதலில் உட்காரவைத்து மணலிலோ அரிசியிலோ விரல் பிடித்து எழுதவைக்கும்போது வாத்தியார் சொல்லிக்கொடுக்கும் தொடக்க வாக்கியம் ‘ஓம் நமோத்து சிந்தம்’. பிள்ளைக்கும் புரியாது, பல வாத்தியார்களுக்கும் புரிந்திருக்காது. ‘நமோஸ்து சித்தம்’ என்பதன் தேய்ந்த வடிவம் அது. சித்தர்களை, அதாவது வினைகளை வென்றுவிட்டவர்களை வணங்கும் சமண வாக்கியம் என்பது பரவலான விளக்கம். வடக்கே மராத்தியிலும் ‘ஓ நா மா ஸீ தம்’ என்று இதன் உடன்பிறப்பு உண்டு. தெலுங்கில் அரிச்சுவடிக்கே ‘ஓநமாலு’ என்று பெயர். விபூதி பூசிய வாத்தியார், நாமம் போட்ட பையன், வாயில் சமண வணக்கம். யாருக்கும் உறுத்தவில்லை.

அந்தப் பள்ளிக்கூடங்கள் எத்தனை இருந்தன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ல் மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். 1826ல் தொகுத்துப் பார்த்தபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 மாணவர்கள். பெரும்பாலும் வாத்தியார் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சாவடி. மேல் மாணவனான சட்டாம்பிள்ளை கீழ் மாணவர்களை மிரட்டிக்கொண்டே பாடம் கேட்பான். தவறு செய்தவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற தண்டனைகளைப் படித்தால், பள்ளியை மறுபடி துறவிகளிடமே கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

பள்ளிவாசலில் உள்ள பள்ளி எது?

அதே பள்ளிதான், நேரடியாகச் சமயப் பொருளோடு. கோயில் என்ற சொல் சிலை வைத்து வழிபடும் இடத்துக்கு ஆகிவிட்டது. அயல் சமயத்தவர் வழிபடும் இடத்துக்குக் கையில் இருந்த சொல் பள்ளி. கடற்கரைப் பட்டினங்களில் அரபு வணிகர்கள் குடியேறியபோது தமிழர்கள் அவர்களைச் சோனகர் என்றார்கள், அவர்கள் தொழுத இடத்தைப் பள்ளி என்றார்கள். இராமநாதபுரம் பக்கம் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு, ‘பிழார்ப் பள்ளி’ என்ற சோனகர் பள்ளிக்கு விட்ட இறையிலியைப் பேசுகிறது. பெருமாள் கோயில் சுவரில் மசூதிக்கான கொடை. சமணருக்கும் பௌத்தருக்கும் கொடுத்த அதே பள்ளிச்சந்த முறை.

இன்றும் தமிழ் முஸ்லிம்கள் ‘பள்ளிக்குப் போறேன்’ என்றால் தொழப் போகிறார்கள். பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்கும் இடம் ஓதப்பள்ளி. படிக்கப் போவது பள்ளிக்கூடத்துக்கு. மற்றவர்கள் வீட்டில் தேய்ந்துபோன வேறுபாடு இங்கே உயிரோடு இருக்கிறது. கவனித்தீர்களா? ‘ஓதப்பள்ளி’ என்பதில் ஆழ்வார் சொன்ன ‘பள்ளியில் ஓதி’ அப்படியே இருக்கிறது.

கேரளத்தில் சர்ச்சையும் ‘பள்ளி’ என்கிறார்களே?

ஆமாம். அங்கே கிறித்தவப் பள்ளி, முஸ்லிம் பள்ளி, யூதப் பள்ளி மூன்றும் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்தை ஜூதப்பள்ளி என்பார்கள். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் கி.பி. 849ஐச் சேர்ந்தவை. வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் அங்கிருந்த கிறித்தவர் கோயிலுக்குக் கொடுத்த உரிமைகளைச் சொல்கின்றன. வட்டெழுத்து. சேரநாட்டுக்கும் நமக்கும் எழுத்தும் மொழியும் பெரிதாகப் பிரியாத காலம்.

மலையாளத்திலும் பள்ளிக்கூடம் என்ற சொல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குரியாகோஸ் எலியாஸ் சாவரா என்ற பாதிரியார், ஒவ்வொரு தேவாலயத்தோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதனால்தான் பள்ளிக்கூடம் என்ற பெயரே வந்தது என்று அங்கே பலர் சொல்வார்கள். அவருடைய பணி பெரிது, அதில் கேள்வியில்லை. பெயருக்கு மட்டும் அவர் காரணமாக முடியாது. ஆழ்வார் பாட்டில் பிரகலாதன் ஏற்கெனவே பள்ளியில் படித்துவிட்டு வந்துவிட்டான்.

திருச்சிராப்பள்ளி சமணப் பள்ளியா? ‘பள்ளி’ என்று முடியும் ஊரெல்லாம் அப்படித்தானா?

மலைக்கோட்டையில் சமணர் படுக்கைகள் இருப்பது உண்மை. ‘சிரா’ என்ற துறவியின் பள்ளி என்பதால் சிராப்பள்ளி என்பது ஒரு கருத்து. அங்குள்ள ஒரு படுக்கையருகே உள்ள எழுத்தை அதற்குக் காட்டுவார்கள். மூன்று தலை அரக்கன் திரிசிரன் வழிபட்ட இடம் என்பது தலபுராணம். எப்படியானாலும் ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடும்போதே அது சிராப்பள்ளிக் குன்றாகவும் சிவன் கோயிலாகவும் இருந்தது.

எல்லாப் பள்ளி ஊர்களையும் சமணத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். சிற்றூர் என்ற பழைய பொருளிலேயே பல ஊர்ப் பெயர்கள் வந்திருக்கும். அப்பருடைய அடைவு திருத்தாண்டகம் சிவத்தலங்களைப் பெயரின் முடிவைப் பார்த்துத் தொகுக்கிறது. ஊர் என்று முடிபவை ஒரு பாட்டு, காடு என்று முடிபவை ஒரு பாட்டு. முதல் பாட்டே பள்ளி என்று முடியும் தலங்களுக்கு: சக்கரப்பள்ளி, காட்டுப்பள்ளி, சிராப்பள்ளி, நனிபள்ளி என்று போகும். சமணத்தை விட்டு வந்து அதைக் கடுமையாகச் சாடியவர் அப்பர். பள்ளி என்ற ஒலி அவருக்குக் கசந்திருந்தால் அந்தப் பாட்டை முதலில் வைத்திருப்பாரா? தொகுப்பில் வரிசை பின்னால் மாறியிருக்கலாம் என்று யாராவது சொன்னால், பாட்டு பாட்டுதான் என்பேன்.

பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி, பள்ளிப்படை?

இவை படுக்கை என்ற பொருளிலேயே தங்கிவிட்டவை. சுவாமியும் அம்பாளும் இரவு எழுந்தருளும் அறை பள்ளியறை. சுவாமியை விடியலில் துயில் எழுப்பும் பாட்டு திருப்பள்ளியெழுச்சி. பாம்பணையில் படுத்திருப்பவர் பள்ளிகொண்ட பெருமாள். வேலூர் பக்கம் பள்ளிகொண்டா என்று ஓர் ஊர் இருக்கிறது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அங்குள்ள சுங்கச்சாவடியைத்தான் தெரியும், படுத்திருக்கும் பெருமாளைத் தெரியாது.

பள்ளிப்படை என்பது அரச குடும்பத்தவரைப் புதைத்த இடத்தில் எடுத்த கோயில். பட்டீச்சரத்தில் முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னைக்கு எடுத்த பஞ்சவன்மாதேவீச்சரம் அப்படிப்பட்டது. மரணத்தை உறக்கம் என்று சொல்லும் மரியாதை.

இலங்கையில் ஏன் ‘பாடசாலை’ என்கிறார்கள்?

பேச்சில் அங்கேயும் பள்ளிக்கூடம்தான். அரசு வழக்கில், பத்திரிகையில் பாடசாலை. சைவர்கள் மிஷன் பள்ளிகளுக்கு எதிராகத் தங்கள் பள்ளிகளைத் தொடங்கியபோது வடமொழிப் பெயர்களை விரும்பினார்கள். ஆறுமுக நாவலர் 1848ல் வண்ணார்பண்ணையில் தொடங்கியது சைவப்பிரகாச வித்தியாசாலை. அப்புறம் வித்தியாலயம், மகா வித்தியாலயம். யாழ்ப்பாணத்தில் ‘கல்லூரி’ என்ற பெயர்ப்பலகை கண்டு பட்டப்படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஒரு பள்ளிக்கூடம்.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளி என்ற ஒரே சொல்லில் ஒரு சமூகத்தின் பாதி அரசியல் அடங்கிவிடும். 1816ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் அங்கே தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, நாடகப் பள்ளி, ‘சிந்தனைப் பள்ளி’ – இதெல்லாம் சரியான பயன்பாடா?

முதல் இரண்டும் சரி. கற்றுக்கொடுக்கும் இடம் எதுவானாலும் பள்ளி என்று நீண்டுவிட்டது, அது இயல்பான வளர்ச்சி. ‘எட்டு’ போடக் கற்பிக்கும் இடத்தைப் பள்ளி என்று சொல்ல யாரும் தயங்க வேண்டாம்.

சிந்தனைப் பள்ளி எனக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரே கருத்தை உடையவர்களின் கூட்டத்துக்கும் ‘ஸ்கூல்’ என்ற சொல் உண்டு. அதைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டோம். அதைக் கேட்டால் எனக்குக் கரும்பலகைதான் கண்ணில் தெரிகிறது. நமக்கு மரபு என்ற சொல் இருக்கிறது, நெறி இருக்கிறது, வடகலை தென்கலை என்னும்போது வரும் கலை இருக்கிறது. இவை போதாதா? ஆனாலும் ஆய்வேடுகளில் சிந்தனைப் பள்ளி வேரூன்றிவிட்டது. இன்னும் இரண்டு தலைமுறையில் என்னைப் போன்றவர்கள் புலம்பியது யாருக்கும் நினைவிருக்காது.

கல்படுக்கைகளை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

மதுரைக்கு வருகிறவர்களுக்கு எளிதானது கீழக்குயில்குடி சமணர் மலை. நகரத்துக்குப் பக்கம், அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் உண்டு. எழுத்தில் ‘பளி’யைத் தேடுகிறவர்கள் மாங்குளம் போக வேண்டும். ஏற்றம் கொஞ்சம் உண்டு, வழியில் கடை கிடையாது. தண்ணீர் கொண்டு போங்கள், நல்ல வெயிலில் ஏறாதீர்கள்.

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலில் ஓவியக் குகையைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். அதே குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் இருக்கிறது. பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் வைத்துப் போக வேண்டும் என்பதால் அந்தப் பெயர். இப்போது கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். உள்ளே 17 படுக்கைகள். ஒன்றின் பக்கத்தில், எருமிநாட்டுக் குமிழூரில் பிறந்த காவுடிக்குச் சிறுபோசில் ஊர் இளையர் செய்து கொடுத்த ‘அதிட்டானம்’ (இருக்கை) என்று தமிழியில் எழுதியிருக்கிறது. எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம். குகைக்குள் நல்ல வெளிச்சம் இருக்காது, எழுத்து கண்ணுக்குப் பிடிபட டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். படுக்கையில் ஏறிப் படுத்துப் படம் எடுப்பதைக் காவலர் அனுமதிக்க மாட்டார்.